கேஜிஎஃப் வீட்டுக்கு ‘புகையில்லா’ விறகடுப்பு வாங்கப் போறீங்களா? முதல்ல இதைப் படிச்சிடுங்க

பெங்களூருவில் வேலை, கேஜிஎஃப்பில் வீடு. விடியற்காலையில் மாரிக்குப்பத்திலோ சாம்பியனிலோ ரயில் ஏறி இரவில் திரும்பும் பலருக்கு இது பழகிப்போன ஓட்டம். வீட்டில் கேஸ் இணைப்பு இருக்கும். ஆனாலும் பின்பக்கத்தில் ஒரு விறகடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். குளிக்க வெந்நீர், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, சிலிண்டர் தீர்ந்துபோன வாரத்தில் சோறும் களியும் என்று அந்த அடுப்புக்கு வேலை குறைவதே இல்லை.

‘அம்மா இந்தப் புகையிலேயே உட்கார்ந்திருக்காங்களே, ஒரு நல்ல அடுப்பு வாங்கிக் கொடுத்துடலாம்’ என்று நினைத்து போனில் தேடினால், ‘புகையில்லா அடுப்பு’ என்ற பெயரில் வரிசையாக மாடல்கள் வரும். எதை வாங்குவது? வாங்கினால் உண்மையிலேயே புகை குறையுமா? சட்டம் ஏதாவது சொல்கிறதா?

சுருக்கமாகச் சொன்னால்:

• புகையே வராத விறகடுப்பு கிடையாது. குறைவான புகை, கூடுதல் புகை என்ற வித்தியாசம்தான் உண்டு.
• ‘ஐஎஸ் 13152’ என்ற இந்தியத் தர எண்ணும், அதனுடன் வரும் 3 அளவுகளும்தான் மாடல்களை ஒப்பிட உதவும்.
• எந்த அடுப்பு என்பதைவிட, அதை எங்கே வைக்கிறீர்கள், எவ்வளவு காய்ந்த விறகை எரிக்கிறீர்கள் என்பது நுரையீரலுக்கு முக்கியம்.
• வீட்டில் நுரையீரல் பாதிப்பு உள்ள ஒருவர் இருந்தால், உள்ளே கேஸ் அல்லது கரண்ட், விறகு வெளியில் மட்டும். இதில் சமரசம் வேண்டாம்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேஜிஎஃப்பில் இந்தக் கேள்வி ஏன் இன்னும் முக்கியம்?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டுக்குள் எரியும் விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் உண்டாகும் காற்று மாசால் 2020-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள். இது எல்லா ஊருக்கும் பொதுவான செய்தி. கேஜிஎஃப்புக்கு என்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது.

1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே பெரிய அளவில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்படும்வரை, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்கு அடியில் பாறையைத் துளைத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் போனது. அந்தப் பாறையில் இருந்த சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து, திசுக்களைத் தழும்பாக்கிவிடும். அதுதான் சிலிகோசிஸ். இந்தியாவில் சிலிகோசிஸ் முதலில் பதிவானது 1947-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில்தான் என்று நம் மருத்துவப் பாடநூல்களே சொல்கின்றன.

சிலிகோசிஸைக் குணப்படுத்த மருந்து இல்லை. வந்த தழும்பு போகாது. காசநோய் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். சுரங்கம் மூடி 20 வருஷத்துக்கு மேல் ஆனாலும், அங்கே வேலை பார்த்த அப்பாவோ தாத்தாவோ இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறார் என்றால், அந்த நுரையீரலுக்கு விறகுப் புகை இரண்டாவது சுமை.

இன்னொன்று, வீடுகளின் அமைப்பு. லைன் வீடுகள் ஒரே வரிசையில், சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டப்பட்டவை. அறைகள் சின்னவை. ஒரு வீட்டில் அடுப்பு பற்றினால் அந்தப் புகை பக்கத்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்துதான். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் என்பதால் டிசம்பர், ஜனவரியில் வெந்நீர் இல்லாமல் குளிக்கவும் முடியாது. அந்த மாதங்களில் காலையில் காற்று அசையாமல் நிற்கும்போது புகையும் லைனுக்குள்ளேயே தங்கிவிடும்.

‘புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி’ என்றால் என்ன? இந்தியாவில் இருக்கிறதா?

இந்தச் சொல் பிரிட்டனில் இருந்து வந்தது. 1952 டிசம்பரில் 5 நாட்கள் லண்டனைக் கரும்புகை மூடியது. அப்போதைய கணக்கில் சுமார் 4,000 பேர் இறந்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அதற்குப் பிறகு 1956-ல் வந்த தூய காற்றுச் சட்டம், ஊர்களில் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்க வழி செய்தது. அந்தப் பகுதிகளில் அனுமதிக்கப்பட்ட எரிபொருளைத்தான் எரிக்கலாம். விறகு எரிக்க வேண்டும் என்றால் அரசு சோதித்து விலக்கு அளித்த அடுப்பில்தான் எரிக்கலாம். லண்டனின் பெரும்பகுதி இன்றும் இந்த வரம்புக்குள் இருக்கிறது. இங்கிலாந்தில் 2021 மே முதல் ஈர விறகைச் சின்ன அளவில் விற்பதற்கும் தடை. 20 சதவீதத்துக்குக் கீழ் ஈரம் இருந்தால்தான் விற்கலாம்.

நம் நாட்டிலும் இதே யோசனை சட்டத்தில் இருக்கிறது. 1981-ன் காற்று மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி, மாநில அரசு ஒரு பகுதியைக் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே அங்கீகரிக்கப்பட்ட எரிபொருளையும் அங்கீகரிக்கப்பட்ட சாதனத்தையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவும் போடலாம். நடைமுறையில் இந்த மாதிரிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தொழிற்சாலை, ஹோட்டல், பேக்கரி பக்கம்தான் வந்திருக்கின்றன. டெல்லியில் காற்று மோசமாகும்போது ஹோட்டல்களின் தந்தூரி அடுப்பில் கரி, விறகு எரிக்கத் தடை வருகிறது. மும்பையில் விறகு, கரி பயன்படுத்தும் பேக்கரிகள் 6 மாதத்தில் தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது.

2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் கர்நாடகாவின் 4 நகரங்கள் இருக்கின்றன: பெங்களூரு, தாவணகெரே, ஹுப்பள்ளி-தார்வாட், கலபுரகி. கேஜிஎஃப் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் லண்டனில் இருப்பவர் சட்டத்துக்காகப் பார்க்கும் விஷயத்தை, நீங்கள் வீட்டில் இருப்பவர்களின் மூச்சுக்காகப் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டிய விஷயம் என்னவோ ஒன்றுதான்.

புகை ஏன் வருகிறது?

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறியதும் அதிலிருந்து வாயுக்கள் கிளம்பும். அந்த வாயுக்கள்தான் சுடராக எரிகின்றன. அவை முழுசாக எரிய மூன்று விஷயம் வேண்டும்: போதுமான சூடு, போதுமான காற்று, இரண்டும் நன்றாகக் கலக்கக் கொஞ்சம் நேரம். மூன்று கல் அடுப்பில் சுற்றிலும் குளிர்ந்த காற்று அடிப்பதால் சூடு நிற்பதில்லை. வாயு எரியாமலே தப்பித்துப் போகிறது. அதைத்தான் நாம் புகை என்கிறோம். அதாவது, காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பங்கு எரியாமல் உங்கள் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் போகிறது.

ஈர விறகில் இது இன்னும் மோசம். அப்போதுதான் வெட்டிய மரத்தில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர். தீயின் சூடு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அடுப்பும் ஈர விறகிடம் தோற்றுப்போகும்.

சந்தையில் என்னென்ன வகை இருக்கு?

1. ராக்கெட் வகை: பக்கவாட்டில் விறகு செருகும் வாய், உள்ளே சூட்டைத் தக்கவைக்கும் குழாய் போன்ற அறை. மின்சாரம் தேவையில்லை, சூடான காற்று மேலே போகும் இழுவையிலேயே வேலை செய்யும். 1980-களில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி வடிவமைத்த யோசனை இது. இந்தியாவில் கிரீன்வே, என்விரோஃபிட், புதுச்சேரியின் பிரக்தி போன்ற நிறுவனங்கள் இயற்கைக் காற்றில் எரியும் அடுப்புகளை விற்றிருக்கின்றன. வழக்கமான விறகையே மெல்லியதாகப் பிளந்து போடலாம் என்பது பெரிய வசதி.

2. ஃபேன் வைத்த அடுப்பு: சின்ன மின்விசிறி காற்றை ஊதி, வாயுக்களை நன்றாகக் கலந்து எரிக்கும். மூன்றில் மிகக் குறைந்த புகை இதில்தான். ஆனால் பேட்டரி அல்லது சார்ஜ் வேண்டும். விறகை விரல் நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் பெல்லட் வாங்க வேண்டும். பல மாடல்களில் நடுவில் விறகு சேர்ப்பது சிரமம்.

3. புகைபோக்கியோடு கட்டும் அடுப்பு: மண் அல்லது சிமெண்டில் கட்டி, குழாய் வழியாகப் புகையைக் கூரைக்கு மேலே அனுப்புவது. இதில் நமக்குப் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமூல்யா ரெட்டி 1974-ல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ மையம் உருவாக்கிய ‘அஸ்த்ரா ஒலே’, மூன்று பாத்திரம் வைக்கக்கூடிய அடுப்பாக கர்நாடகக் கிராமங்களுக்குப் போனது. கன்னடத்தில் ‘ஒலே’ என்றால் அடுப்பு.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. முதல் இரண்டு வகையிலும் பெரும்பாலும் புகைபோக்கி கிடையாது. குறைவான புகை வந்தாலும் வருவதெல்லாம் அடுப்பு இருக்கும் இடத்திலேயே விழும். மூன்றாவது வகையில் புகை அறையை விட்டுப் போகும், ஆனால் ஊரை விட்டுப் போகாது. லைன் வீட்டில் குழாயைச் சுவரின் பக்கவாட்டில் நீட்டி விட்டால், அது நேராகப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும். குழாய் கூரையைத் தாண்டி மேலே நிற்க வேண்டும்.

லேபிளில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

எடுத்துச் செல்லக்கூடிய விறகடுப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் வைத்திருக்கும் தரம் ஐஎஸ் 13152. இதில் மூன்று எண்கள் முக்கியம்.

• வெப்பத் திறன்: விறகின் சூட்டில் எத்தனை சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது என்பது. ஃபேன் இல்லாத அடுப்புக்குக் குறைந்தது 25%, ஃபேன் உள்ளதுக்கு 35%.
• துகள்: பாத்திரத்துக்குப் போகும் ஒவ்வொரு மெகாஜூல் சூட்டுக்கும் வரும் தூசு. ஃபேன் இல்லாததுக்கு அதிகபட்சம் 350 மில்லிகிராம், ஃபேன் உள்ளதுக்கு 150 மில்லிகிராம்.
• கார்பன் மோனாக்சைடு: இரண்டுக்கும் மெகாஜூலுக்கு அதிகபட்சம் 5 கிராம்.

மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம், இப்படிச் சோதித்து அங்கீகரித்த மாடல்களின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால் போதாது. நீங்கள் வாங்கும் அதே மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘80% புகை குறைவு’ என்கிற மாதிரி வெறும் சதவீதம் போட்டிருந்தால், எதைவிடக் குறைவு, யார் சோதித்தது என்று கேளுங்கள்.

சரி, இந்த எண்கள் வீட்டில் எப்படித் தெரியும்? ஒரு பக்கெட் வெந்நீரை வைத்துக் கணக்குப் போடலாம்.

20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியில் இருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 2.1 மெகாஜூல் வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 16 மெகாஜூல் இருக்கிறது. அப்படியென்றால் ஒரு பக்கெட்டுக்கு:

• மூன்று கல் அடுப்பு (திறன் சுமார் 10%): 1.3 கிலோ விறகு
• 25% திறன் உள்ள அடுப்பு: அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்
• 35% திறன் உள்ள அடுப்பு: 400 கிராமுக்கும் குறைவு

நாலு பேர் உள்ள வீட்டில் தினமும் ஆளுக்கு ஒரு பக்கெட் என்றால், மாதத்துக்கு முதலாவதில் சுமார் 157 கிலோ, இரண்டாவதில் 63 கிலோ, மூன்றாவதில் 45 கிலோ. உங்கள் பகுதியில் விறகு கிலோ என்ன விலை என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். அடுப்பின் விலை எத்தனை மாதத்தில் திரும்ப வரும் என்று தெரிந்துவிடும். ஆக, விறகுச் செலவை மட்டும் பார்த்தால் நல்ல அடுப்பு நிச்சயம் லாபம். நுரையீரல் கணக்கு வேறு.

தரச்சான்று உள்ள அடுப்பை வீட்டுக்குள் வைக்கலாமா?

அதே பக்கெட், இன்னொரு கணக்கு. தரத்தின் உச்ச வரம்பில் எரியும் ஃபேன் இல்லாத அடுப்பு, 2.1 மெகாஜூலுக்கு சுமார் 735 மில்லிகிராம் துகளை விடும். அறை 10-க்கு 10 அடி, உயரம் 8 அடி என்றால் அதில் சுமார் 22.6 கன மீட்டர் காற்று இருக்கிறது. கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, புகையில் பத்தில் ஒன்பது பங்கு வெளியே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். மீதமுள்ள ஒரு பங்கே அந்த அறையில் கன மீட்டருக்கு 3,000 மைக்ரோகிராமைத் தாண்டும். ஃபேன் அடுப்பில் இதே கணக்கு சுமார் 1,400 வரும்.

பிஎம் 2.5 எனும் நுண்துகளுக்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. நாம் போட்டது அடுப்பு எரியும் நேரத்துக்கான தோராயக் கணக்கு. புகை பிறகு கலைந்துவிடும். ஆனாலும் இடைவெளி எவ்வளவு என்று புரியும். சான்றிதழ் வாங்கிய அடுப்பும் மூடிய அறைக்கானது இல்லை.

அதே அடுப்பைப் பின்வாசலில், மேலே மழைக்கு ஒரு ஷீட், மூன்று பக்கம் திறப்பு என்று வைத்தால் புகை பரவிக் கலைந்துபோகும். அடுப்பை மாற்றக் காசு இல்லாதவர்கள்கூட இடத்தை மாற்றலாம். அதற்குச் செலவு ரொம்பக் குறைவு.

நல்ல அடுப்புகள் ஏன் தோற்றுப்போயின?

‘புகை குறைந்த அடுப்பு கொடுத்தால் பிரச்னை தீர்ந்துவிடும்’ என்ற நம்பிக்கையில் நம் நாடு ஏற்கெனவே 40 வருஷம் செலவழித்திருக்கிறது. அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள நாலு விஷயம் இருக்கு.

ஒன்று, பராமரிப்பு. 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் கோடிக்கணக்கில் அடுப்பு கட்டிக் கொடுத்தது. நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரீமா ஹன்னா ஆகியோரும் ஒடிசா கிராமங்களில் புகைபோக்கி அடுப்பு வாங்கிய குடும்பங்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷம் புகை குறைந்தது. அதற்கப்புறம் பலன் மறைந்துவிட்டது. குழாயில் கரி அடைத்தது, விரிசல் விட்டது, சரி பண்ண ஆள் இல்லை, மக்களும் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள்.

இரண்டு, எரிபொருள். இந்திய அறிவியல் கழகத்தின் எச்.எஸ். முகுந்தா குழுவும் பிபி நிறுவனமும் சேர்ந்து 2006 வாக்கில் ‘ஊர்ஜா’ என்ற ஃபேன் அடுப்பைக் கொண்டுவந்தன. விவசாயக் கழிவில் செய்த பெல்லட்டில் அருமையாக எரிந்தது. சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றன. ஆனால் பெல்லட் விலை ஏறியபோது அடுப்பை ஓரம்கட்டிவிட்டார்கள். பெல்லட் கிடைக்காத ஊரில் பெல்லட் அடுப்பு வெறும் இரும்பு டப்பா.

மூன்று, சுற்றுப்புறம். ஆப்பிரிக்காவின் மலாவியில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில், ஃபேன் அடுப்பு கொடுத்த வீடுகளிலும் குழந்தைகளின் நிமோனியா குறையவில்லை. முடிவு 2016-ல் வந்தது. குப்பை எரிப்பது, அக்கம்பக்கத்து அடுப்பு, பீடி, சிகரெட் எல்லாம் அப்படியே இருந்தது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். உங்கள் அடுப்பு மட்டும் மாறினால் பாதி வேலைதான் முடியும். தெருமுனையில் பிளாஸ்டிக் எரிந்துகொண்டிருந்தால் அந்தப் பாதியும் வீண்.

நாலாவது, முழுசாக மாறுவது. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளையும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளையும் சேர்த்து நடந்த ‘ஹேப்பின்’ ஆய்வில், சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனமும் பங்கெடுத்தது. கர்ப்பிணிகளுக்கு இலவசமாக கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுத்தார்கள். கேஸ் வந்த வீட்டுப் பெண்கள் சுவாசித்த பிஎம் 2.5 சுமார் 24 மைக்ரோகிராம், விறகு தொடர்ந்த வீடுகளில் சுமார் 71. குழந்தையின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. ஆனால் ஒன்று தெளிவானது: சிலிண்டர் தடையில்லாமல் வந்தால் பெண்கள் விறகைக் கிட்டத்தட்ட விட்டேவிடுகிறார்கள், புகையும் மூன்றில் ஒரு பங்காகிறது.

எந்த விறகு? எப்படிக் காய வைப்பது?

கோலார் மாவட்டத்தில் அதிகம் கிடைப்பது தைல மரம், அதாவது யூகலிப்டஸ். புதிதாக நடுவதற்கு கர்நாடக அரசு 2017-ல் தடை போட்டாலும், பழைய தோப்புகளின் விறகு இன்னும் வருகிறது. பட்டு வளர்ப்புப் பகுதி என்பதால் மல்பெரிக் குச்சியும் கிடைக்கும். ராக்கெட் அடுப்பின் வாய்க்கு இந்த மெல்லிய குச்சி நன்றாகப் பொருந்தும். சீக்கிரம் காயவும் செய்யும்.

• தடித்த கட்டையைக் கட்டைவிரல் பருமனுக்கு, அதிகம் போனால் இரண்டு விரல் பருமனுக்குப் பிளந்து வையுங்கள். பிளக்காத கட்டை உள்ளே காயாது.
• தரையில் போடாமல் செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். பக்கவாட்டில் காற்று போக வேண்டும். மழைக்காலத்துக்கான விறகைக் கோடையிலேயே அடுக்கிவிடுங்கள்.
• இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கணீரெனக் கேட்டால் காய்ந்தது. ‘தொப்’ என்றால் இன்னும் ஈரம். எரியும்போது முனையில் நுரை வந்தாலும் ஈரம்தான்.
• பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், தார் எண்ணெய் ஏற்றிய பழைய ஸ்லீப்பர் கட்டை வேண்டவே வேண்டாம். அந்தப் புகை விறகுப் புகையைவிட விஷம். பற்ற வைக்க பிளாஸ்டிக் கவரும் வேண்டாம்.
• அடுப்பு வாயை விறகால் அடைக்காதீர்கள். கொஞ்சமாகப் போட்டு, எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். காற்று போக இடம் இல்லாவிட்டால் ராக்கெட் அடுப்பும் மூன்று கல் அடுப்பு மாதிரியே புகையும்.

ஆர்டர் போடும் முன் கேட்க வேண்டியவை

• அடிப்பாகம் அகலமா? களி கிண்டும்போது ஒரு கையால் துடுப்பை அழுத்துவோம். அடுப்பு ஆடினால் கொதிக்கும் களி காலில் விழும். உயரமான, ஒல்லியான மாடலைத் தவிருங்கள்.
• உங்கள் வீட்டு அண்டா அதன் மேல் நிற்குமா? எத்தனை கிலோ தாங்கும்? 20 லிட்டர் தண்ணீரே 20 கிலோ.
• ஃபேன், பேட்டரி பழுதானால் பெங்களூரிலாவது சர்வீஸ் இருக்கிறதா? உதிரி பாகம் தனியாகக் கிடைக்குமா?
• உள்ளறை எதில் செய்தது? மெல்லிய தகடு என்றால் தினமும் எரித்தால் சீக்கிரம் ஓட்டை விழும். வாரன்டி எத்தனை வருஷம்?
• தினமும் யார் பயன்படுத்தப் போகிறார்கள்? அவர்களால் விறகைச் சின்னதாக வெட்ட முடியுமா? முட்டி வலி உள்ள அம்மா குனிந்து ஊத வேண்டுமா, மேடையில் வைக்கலாமா? வாங்குவது நீங்களாக இருக்கலாம், எரிப்பது அவர்கள். அவர்களிடம் கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

புகைபோக்கி அடுப்பு கட்டுவதாக இருந்தால் இன்னும் இரண்டு விஷயம். ஐஎஸ் 13152 எடுத்துச் செல்லும் அடுப்புக்கான தரம் என்பதால் இதற்கு அந்தச் சான்று இருக்காது. கட்டுபவரின் அனுபவம்தான் உத்தரவாதம். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதில் ஓட்டை போடாதீர்கள். அந்த நாரும் நுரையீரலைக் கெடுப்பதுதான். குழாயை வெளிச்சுவரை ஒட்டி மேலே கொண்டு போங்கள். வீட்டு உரிமை இன்னும் தீராத லைன் வீடாக இருந்தால், கட்டிய அடுப்பைவிட எடுத்துச் செல்லும் அடுப்பே நல்லது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. குளிருக்கு இதமாக இருக்கும் என்று இரவில் கனன்றுகொண்டிருக்கும் தணலை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். புகை தெரியாது, வாசனையும் இருக்காது. ஆனால் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். எந்த அடுப்பின் தணலுக்கும் இது பொருந்தும்.

விறகே இல்லாமல் முடியுமா?

வெந்நீருக்கு மட்டும்தான் விறகு என்றால், முடியும். மேலே பார்த்த ஒரு பக்கெட்டுக்கு மின்சாரம் சுமார் 0.6 யூனிட். நாலு பக்கெட்டுக்கு மாதம் 70 யூனிட். கர்நாடகாவின் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை இலவசம் என்றாலும், உங்களுக்கு உண்டான அளவு பழைய சராசரியுடன் கொஞ்சம் கூட்டிய அளவுதான். அதைத் தாண்டிய யூனிட்டுக்குக் காசு. மொத்தம் 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். ஹீட்டர் வாங்கும் முன் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். இம்மர்ஷன் ராடு என்றால் பிளாஸ்டிக் பக்கெட், எர்த் உள்ள பிளக் பாயின்ட், சுவிட்சை அணைத்த பிறகே தண்ணீரில் கை என்ற மூன்றும் கட்டாயம். வெயில் நன்றாக அடிக்கும் ஊர் என்பதால், சொந்தக் கூரை உள்ளவர்களுக்கு சோலார் வாட்டர் ஹீட்டரும் நல்ல வழி.

சுரங்கத்துக்காக 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. அந்தக் காலத்தில் இந்தியாவின் பல நகரங்களுக்கே கிடைக்காத வசதி அது. வேலை செய்தவர்களின் வீட்டு அடுப்பு மட்டும் விறகிலேயே தொடர்ந்தது.

அப்போ, எந்த வீட்டுக்கு எது?

• வீட்டில் சிலிகோசிஸ், ஆஸ்துமா, காசநோய் வந்தவர், கர்ப்பிணி, கைக்குழந்தை யாராவது இருந்தால்: சமையலுக்கு கேஸ் அல்லது இண்டக்‌ஷன், வெந்நீருக்குக் கரண்ட். அடுப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் இரண்டாவது சிலிண்டருக்கு ஏற்பாடு பண்ணுங்கள். ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்று விறகுக்குத் திரும்பும் நாட்களைக் குறைப்பதுதான் பெரிய பலன்.
• சமையல் கேஸில், வெந்நீரும் ஞாயிறு சமையலும் விறகில்: ஐஎஸ் 13152 சான்று உள்ள, அகல அடி ராக்கெட் அடுப்பு. பின்வாசலில், திறந்த இடத்தில்.
• தினமும் விறகில்தான் சமையல், வெளியில் இடமும் இருக்கு: கூரையைத் தாண்டும் குழாயோடு கட்டிய அடுப்பு. மாதம் ஒரு முறை குழாயைத் தட்டிக் கரி எடுக்க ஒரு ஆளைப் பேசி வையுங்கள்.
• ஃபேன் அடுப்பு: விறகைச் சின்னதாக வெட்டத் தயாராக, சார்ஜ் போட மறக்காத ஆள் வீட்டில் இருந்தால் மட்டும்.

எதை வாங்கினாலும், ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போகும்போது சமையலறைக் கூரையைப் பாருங்கள். புதுக் கரி படிந்திருந்தால் அடுப்பு இருக்கும் இடம் சரியில்லை. பழைய மூன்று கல்லும் இன்னும் சூடாக இருந்தால், புது அடுப்பு அவர்களுக்குத் தோதுப்படவில்லை என்று அர்த்தம். என்ன சிரமம் என்று உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் பதில் சின்னதாக இருக்கும்: அண்டா நிற்கவில்லை, விறகு பெரிசு, உயரம் சரியில்லை. அதைச் சரி பண்ணிக் கொடுத்தால், அந்தக் கல்லை அவர்களே எடுத்துப் போட்டுவிடுவார்கள்.